ஜெட் ஸ்கீ எப்போது அலறியது?

ஜெட் ஸ்கீயில் சூடு எச்சரிக்கை வந்துவிட்டால் பட்டறையில் முதலில் எழும் கேள்வி, "எந்த பார்ட் போச்சு?" என்பதுதான். சென்சார், தெர்மோஸ்டாட், ஹெட் கேஸ்கட் என்று சந்தேகப் பட்டியல் உடனே தயாராகிவிடும். விலை குறைந்ததில் தொடங்கி ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதும் நடக்கும். அந்தக் கேள்வியை இரண்டாவதாகத் தள்ளிவைக்கச் சொல்வதற்குத்தான் இந்தப் பதிவு. முதலில் கேட்க வேண்டியது, "எப்போது அலறியது?" முழு வேகத்திலா, ஐடிலில் நிற்கும்போதா? கிளம்பிய சில நொடிகளிலா, பத்து நிமிடம் ஓடிய பிறகா? அலறும்போது வண்டிக்குப் பிக்கப் இருந்ததா, இல்லையா? இவற்றுக்கு ஒழுங்கான பதில் கிடைத்தால், ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் கோளாறு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அது எப்படி முடியும் என்று புரிந்துகொள்ள, இந்த வண்டிகளுக்குள் தண்ணீர் ஓடும் வழியைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

யமஹா வேவ்ரன்னர், கவாசாகி ஜெட் ஸ்கீ இரண்டிலும் இருப்பது திறந்த சுற்று. எஞ்சினைக் குளிர்விக்கத் தனியாக ஒரு வாட்டர் பம்ப் கிடையாது. வண்டியை முன்னே தள்ளும் ஜெட் பம்பே அந்த வேலையையும் பார்க்கிறது. அடியில் உள்ள கம்பித் தட்டி வழியாக உறிஞ்சப்படும் தண்ணீரை இம்பெல்லர் பின்னால் வீசுகிறது. அதன் அழுத்தப் பக்கத்திலிருந்து ஒரு சிறு பங்கு ஹோஸ் வழியே பிரிந்து, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, எஞ்சின் பிளாக், ஹெட் ஆகியவற்றைச் சுற்றி வருகிறது. பிறகு கொஞ்சம் பக்கவாட்டில் உள்ள சிறு துளை வழியாகப் பீய்ச்சுகிறது. மிச்சம் புகையோடு கலந்து வெளியேறுகிறது. வண்டி எந்தத் தண்ணீரில் மிதக்கிறதோ அதே தண்ணீர்தான் எஞ்சினுக்குள்ளும் ஓடுகிறது. ஆகவே தட்டியில் ஒரு பிளாஸ்டிக் பை ஒட்டிக்கொண்டால் வண்டியின் வேகமும் எஞ்சினின் குளிர்ச்சியும் ஒன்றாகப் போகும்.

சீ-டூ வண்டிகளில் கதை வேறு. 2002-இல் 4-டெக் எஞ்சின் வந்தது முதல் அங்கே மூடிய சுற்று. காரில் ரேடியேட்டருக்குள் ஓடுவது போன்ற கூலன்ட், எஞ்சின் ஓட்டும் பம்பால் தள்ளப்பட்டு, வண்டியின் அடிவயிற்றில் பின்பக்கம் உள்ள ரைடு பிளேட்டுக்குள் போய் வருகிறது. அந்த பிளேட்டுக்கு வெளியே கடல், உள்ளே கூலன்ட். கடல் தண்ணீர் எஞ்சின் பிளாக்குக்குள் நுழைவதே இல்லை. ஆனால் பலர் கவனிக்காமல் விடும் ஒன்று இருக்கிறது: சீ-டூவிலும் எக்ஸாஸ்ட் குளிர்வது ஜெட் பம்ப் அனுப்பும் வெளித் தண்ணீரால்தான். எக்ஸாஸ்ட் பாதையில் ரப்பர் ஹோஸ்கள் உண்டு. தண்ணீர் நின்றால் அவை கருகத் தொடங்கும். அதனால் எஞ்சின் சூட்டுக்கு ஒரு சென்சார், எக்ஸாஸ்ட் சூட்டுக்கு இன்னொன்று என்று இரண்டு காவல் வைத்திருக்கிறார்கள். "எஞ்சின் சூடாகிவிட்டது" என்று ஓட்டுநர் சொல்வது இவற்றில் எதுவாகவும் இருக்கலாம். திரையில் வந்த சொல்லையோ கோளாறுக் குறியீட்டையோ அப்படியே படம் எடுத்து வைத்துக்கொள்வது, பிறகு நினைவிலிருந்து விவரிப்பதைவிட எவ்வளவோ மேல்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பெட்ரோல் எஞ்சின் ஒன்று தண்டுக்குக் கொடுக்கும் சக்திக்கு ஏறத்தாழ ஈடான வெப்பத்தைக் குளிர்விக்கும் தண்ணீர் சுமந்து போக வேண்டியிருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. 100 கிலோவாட் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். குதிரைத்திறனில் சுமார் 135. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வேண்டும். உள்ளே போன தண்ணீர் 30 டிகிரி கூடி வெளியே வருகிறது என்று வைத்தால், நொடிக்கு 0.8 கிலோ, அதாவது நிமிடத்துக்குச் சுமார் 48 லிட்டர் ஓட வேண்டும். 29 டிகிரி கடலில் நுழையும் தண்ணீர் 59 டிகிரியில் வெளியேறும். பாதை பாதி அடைபட்டு ஓட்டம் பாதியானால் ஏற்றம் 60 டிகிரி. வெளியேறும் தண்ணீர் 89-ஐத் தொடும். கால்வாசி ஓட்டம்தான் மிஞ்சியது என்றால் தண்ணீர் உள்ளேயே கொதிக்கும். சூடு என்பது இங்கே கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணீரின் ஓட்டத்தைப் பொறுத்த விஷயம் என்று இந்த எண்களே சொல்கின்றன.

இதே கணக்கின் அடுத்த படியில்தான் "எப்போது" என்ற கேள்வியின் பலம் தெரிகிறது. ஜெட் பம்ப் விழுங்கும் சக்தி சுழற்சி வேகத்தின் முப்படியாக ஏறும். அது ஹோஸுக்குள் அனுப்பும் தண்ணீரோ சுழற்சிக்கு நேர்விகிதத்தில்தான் ஏறும். வேகம் இரட்டித்தால் வெப்பம் ஏறத்தாழ எட்டு மடங்கு, தண்ணீர் இரண்டே மடங்கு. ஒவ்வொரு லிட்டரும் சுமக்க வேண்டிய வெப்பம் நான்கு மடங்காகிறது. ஆகவே திறந்த சுற்று வண்டி மெதுவாகப் போகும்போது நன்றாக இருந்து, முழு ஆக்சிலரேட்டரில் மட்டும் அலறினால் அது பாதி அடைப்பு: ஹோஸில் மணல், வடிகட்டியில் பாசி, எஞ்சின் ஜாக்கெட்டில் உப்புப் படிவு, மடங்கிப்போன குழாய். ஐடிலிலேயே அலறினால் ஓட்டம் அறவே நின்றுவிட்டது என்று பொருள்: கழன்ற ஹோஸ், முழுதாக மூடிய தட்டி, அல்லது உண்மையாகவே பொய் சொல்லும் சென்சார். மூடிய சுற்றில், கிளம்பிச் சில நிமிடத்தில் எந்த வேகத்திலும் ஏறிக்கொண்டே போனால் கூலன்ட் குறைவு, உள்ளே சிக்கிய காற்று, மூடியபடி நின்றுவிட்ட தெர்மோஸ்டாட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எக்ஸாஸ்ட் எச்சரிக்கை மட்டும் அவசரமானது. தண்ணீர் நின்ற சற்று நேரத்திலேயே வந்துவிடும். பெரிய எஞ்சின் பிளாக் சூடேற எடுக்கும் நேரம் அதற்குத் தேவையில்லை.

இதோடு பிக்கப்பைச் சேர்த்துப் பாருங்கள். ஆக்சிலரேட்டரைப் பிடித்தால் எஞ்சின் சுழற்சி ஏறுகிறது, வண்டி மட்டும் நகர மறுக்கிறது, கூடவே அலறல் என்றால் கோளாறு ஜெட் பம்பில்: தட்டியில் பை, இம்பெல்லர் தண்டில் சுற்றிய கயிறு, இம்பெல்லரைச் சூழ்ந்த வேர் ரிங்கின் தேய்மானம். தள்ளுவதும் குளிர்விப்பதும் ஒரே பம்ப் என்பதால் இரண்டும் ஒன்றாகச் சரிகின்றன. வண்டி பழைய வேகத்தில் பறந்துகொண்டிருக்கையில் அலறினால் பம்ப் நிரபராதி. ஹோஸ் பிரியும் இடத்துக்கு அப்பால்தான் தேட வேண்டும். இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. சூடு எல்லை மீறியதும் வண்டியின் கணினி தானாகவே எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்திவிடும். அந்தத் தளர்ச்சியைப் பம்பின் தளர்ச்சி என்று எண்ணிவிடக் கூடாது. சுழற்சி எண் உயர்ந்தும் வேகம் வரவில்லையா, சுழற்சி எண்ணே உயரவில்லையா என்று பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். தட்டி அடைப்பு எவ்வளவு சகஜம் என்பதற்கு ஒரு சான்று: இம்பெல்லரை எதிர்த் திசையில் சுழற்றிக் குப்பையை வெளியே தள்ளும் ஏற்பாட்டை 2022 மாடல்கள் சிலவற்றில் சீ-டூவே கொண்டுவந்தது.

இங்கே வரும் முதல் மறுப்பு, "சென்சார்தான் பொய் சொல்லும், உப்புக் காற்றில் முதலில் போவது அதுதானே?" என்பது. நியாயமான சந்தேகம். ஆனால் இன்றைய வண்டிகளில் இருக்கும் வெப்ப சென்சாரின் குணத்தைப் பாருங்கள்: சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். கனெக்டரில் பச்சை பூத்தாலோ வயர் பாதி அறுந்தாலோ தடை கூடும். கணினிக்கு அது "எஞ்சின் குளிர்ந்திருக்கிறது" என்றுதான் கேட்கும். முழுக்க அறுந்தால் சூடு எச்சரிக்கைக்குப் பதிலாக சென்சார் கோளாறு என்ற தனிக் குறியீடு வருவதே வழக்கம். எனவே வழக்கமான அரிப்பு உண்மையான சூட்டை மறைக்கத்தான் வாய்ப்பு அதிகம். இல்லாத சூட்டைக் காட்ட வேண்டுமானால் இரண்டு பின்களுக்கு இடையே உப்புநீர் பாலம் போட வேண்டும், அல்லது வயர் உரசி எர்த்தில் பட வேண்டும். குறிப்பிட்ட சூட்டில் சுவிட்ச் போல மூடிக்கொள்ளும் வகை உள்ள பழைய வண்டிகளில் இந்த எர்த் கோளாறு நிஜமாகவே வரும். இதைச் சோதிக்கப் புது சென்சார் வாங்க வேண்டியதில்லை. இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் ஆன் செய்து, எஞ்சினைக் கிளப்பாமலே பாருங்கள். ஆறிப்போன எஞ்சினில் அலறினால் வயரிங்கைச் சந்தேகப்படலாம். ஸ்கேனர் இருந்தால் அது காட்டும் சூடும் அன்றைய காற்றின் சூடும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் சென்சாரை விட்டுவிட்டுத் தண்ணீரைத் தேடுங்கள்.

இரண்டாவது மறுப்பு இன்னும் பிரபலம்: "அலறியது, நிறுத்தினேன், கொஞ்ச நேரத்தில் தானே சரியாகிவிட்டது, ஆகவே ஒன்றுமில்லை." தட்டியில் ஒட்டிய பையைப் பிடித்து வைத்திருப்பது பம்பின் உறிஞ்சல். எஞ்சின் நின்றதும் அந்தப் பிடி போய்விடும், பை மிதந்து விலகும். சான்று தானாகக் கலைந்துவிட்டது என்பதால் கோளாறே இல்லை என்றாகிவிடாது. பாதி அடைப்பிலும் இதே கதைதான். மெதுவாகத் திரும்பி வரும்போது சூடு இறங்கும், அடுத்த முறை முழு வேகத்தில் மீண்டும் ஏறும். இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. எஞ்சினை நிறுத்தியதும் தண்ணீர் ஓட்டம் நின்று, உலோகத்தில் தேங்கிய சூடு பரவுவதால் சென்சார் இருக்கும் இடத்தில் சில நிமிடம் சூடு ஏறவும் செய்யலாம். நிறுத்தி ஒரு நிமிடத்தில் ஆன் செய்து, "இன்னும் அலறுகிறதே, சென்சார்தான் போயிருக்கிறது" என்று முடிவுகட்டுவதும் தவறு. நன்றாக ஆறிய பிறகு கிடைக்கும் பதிலுக்குத்தான் மதிப்பு.

மூன்றாவது மறுப்பு நம் ஊர்க் கடலைப் பற்றியது. வங்காள விரிகுடாவின் மேல்மட்ட நீர் பல மாதங்கள் 28 முதல் 30 டிகிரியில் இருக்கிறது. குளிர்நாட்டு ஏரிகளுக்காகச் செய்த வண்டி இங்கே சூடாகத்தானே செய்யும் என்கிறார்கள். மேலே போட்ட கணக்கையே திருப்பிப் பாருங்கள். கடல் 20 டிகிரியாக இருந்தால் வெளியேறும் தண்ணீர் 50. நம் கடலில் 59. வித்தியாசம் ஒன்பது டிகிரி. பாதி அடைப்பு சேர்ப்பதோ முப்பது டிகிரி. மேலும் கோடையில் ஃபுளோரிடாக் கரையின் தண்ணீரும் நம்முடையதைப் போலவே சுடும்; அங்கே இந்த வண்டிகள் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. வெதுவெதுப்பான கடல் தாங்கும் எல்லையைக் கொஞ்சம் சுருக்குகிறது என்பது மெய். அதனால் குளிர்ந்த ஏரியில் வெளிக்காட்டாத அடைப்பு இங்கே முன்கூட்டியே தெரியவரும். ஆனால் சுத்தமான பாதையுள்ள வண்டியை அலறவைக்க அது மட்டும் போதாது. நம் நீர்நிலைகளில் உண்மையில் கவலைப்பட வேண்டியது ஆழத்தைப் பற்றி. வண்டிக்கு அடியில் குறைந்தது 60 சென்டிமீட்டர் தண்ணீர் வேண்டும் என்று யமஹாவும், 90 என்று சீ-டூவும் கையேட்டில் சொல்கின்றன. முட்டுக்காடு போல முகத்துவாரத்தில் மணல் திட்டு சேரும் உப்பங்கழிகளில் இந்த விதியை மீறுவது எளிது. மீறினால் பம்ப் தண்ணீரோடு மணலையும் சேற்றையும் உறிஞ்சி, திறந்த சுற்று வண்டிகளில் இரண்டையும் எஞ்சினுக்குள் அனுப்பும்.

நான்காவதாக, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிட்டால் சூடே வராது என்ற பட்டறை வைத்தியம். கார்களில் பழகிய இந்தக் கை, இங்கேயும் நீளும். தெர்மோஸ்டாட் மூடியபடி நின்றிருந்தால் அதைக் கழற்றியதும் சூடு குறையும். அந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க அது ஒரு சோதனையாகலாம். நிரந்தரத் தீர்வாக வைத்தால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடும், எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். அடைப்பு வேறிடத்தில் இருந்தால் அது மேலும் வளர அவகாசமும் கொடுத்தாயிற்று. கழற்றிய தெர்மோஸ்டாட்டை ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சி, திறக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும். வாடகைக்கு விடுபவர்கள், "ஒவ்வொன்றாகச் சோதிக்க நேரமில்லை, மாற்றிவிட்டு ஓட்ட வேண்டியதுதான்" என்பார்கள். சீசனில் ஒரு நாள் நின்றால் எவ்வளவு நட்டம் என்பது புரிகிறது. ஆனால் தவறான பார்ட்டை மாற்றி ஓட்டினால் அதே வண்டி மறுநாள் நடுத்தண்ணீரில் நிற்கும். அதன் பிறகு மாற்ற வேண்டியது எஞ்சினாகவே இருக்கலாம்.

சரி, தண்ணீரில் இருக்கும்போது அலறினால்? ஆக்சிலரேட்டரை விடுங்கள், பக்கவாட்டுத் துளை உள்ள வண்டியென்றால் அதில் தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று ஒரு பார்வை. "ஐடிலில் ஓடவிட்டால் ஆறுமே" என்பவர்களுக்கும் பதில் அந்தத் துளையில்தான் இருக்கிறது. தண்ணீர் வந்தால் மெதுவாகக் கரை திரும்பலாம். வராவிட்டால் ஐடிலும் எரிப்புதான், உடனே நிறுத்த வேண்டும். எக்ஸாஸ்ட் எச்சரிக்கையென்றால் யோசனையே வேண்டாம், நிறுத்துங்கள். தட்டியைத் தொடும் முன் கையில் மாட்டிய நிறுத்தக் கயிற்றைக் கழற்றி எடுத்துவிடுங்கள். கையை உள்ளே விட்ட நேரத்தில் இம்பெல்லர் சுழன்றால் விரல் மிஞ்சாது. வேறு படகு கட்டி இழுத்து வந்தால் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். திறந்த சுற்று வண்டிகளுக்கு மணிக்கு 8 கிலோமீட்டருக்கு மேல் கூடாது என்று யமஹா எச்சரிக்கிறது, ஏனென்றால் இழுவையில் பம்ப் வழியே புகும் தண்ணீர், அதை வெளியேற்றும் புகையழுத்தம் இல்லாததால் எக்ஸாஸ்டில் நிரம்பி சிலிண்டருக்குள் இறங்கும். சூட்டிலிருந்து தப்பிய எஞ்சின் தண்ணீரில் சாவது இப்படித்தான்.

கரையேறிய பிறகு தேடல் தண்ணீரின் வழியிலேயே வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும்: தட்டி, இம்பெல்லர், ஹோஸ், வடிகட்டி, பிறகுதான் எஞ்சின். ஹோஸைக் கழற்றி நல்ல தண்ணீரை எதிர்த் திசையில் விட்டால் மணல் வந்த வழியே திரும்பும். முன்பக்கமாகத் தள்ளினால் இன்னும் ஆழமாகப் போய் இறுகும். மூடிய சுற்றில் கூலன்ட் குறைந்திருந்தால், ஊற்றி நிரப்புவதைவிட அது எங்கே போனது என்று கேட்பது முக்கியம்: ரைடு பிளேட்டில் கல் அடித்த தடம், ஆயிலில் பால் நிறம், டேங்கில் விடாமல் வரும் குமிழி. கடைசி இரண்டும் ஹெட் கேஸ்கட் பக்கம் கைகாட்டும். நிரப்பும்போது போர்த் தண்ணீரைக் கலந்தால் உள்ளே சுண்ணாம்புதான் சேரும். திறந்த சுற்றில் அந்தச் சுண்ணாம்பு கடலிலிருந்தே வருகிறது. கால்சியம் உப்புகள் சூடு ஏறும்போது தண்ணீரில் கரையாமல் படியும் குணமுடையவை, எனவே ஒருமுறை சூடான ஜாக்கெட் அடுத்த சூட்டுக்குத் தானே அடித்தளம் போடுகிறது. ஓட்டி முடித்த ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீர் விட்டு அலசச் சொல்வது இதற்காகத்தான். அதில் வரிசை தவறக் கூடாது: எஞ்சினைக் கிளப்பிய பிறகே தண்ணீரைத் திற, தண்ணீரை மூடிய பிறகே எஞ்சினை நிறுத்து. மாற்றிச் செய்தால் தண்ணீர் எக்ஸாஸ்ட் வழியே சிலிண்டருக்குள் போகும். சீ-டூவில் இந்த ஹோஸ் தண்ணீர் எக்ஸாஸ்டை மட்டுமே குளிர்விக்கும். ரைடு பிளேட் காற்றில் காய்ந்துகொண்டிருக்கும். கரையில் நீண்ட நேரம் ஓடவிட்டு, "அலசும்போதே அலறுகிறது, பெரிய கோளாறு" என்று பயப்படுவது வீண். ஓரிரு நிமிடத்துக்கு மேல் ஓடவிடவே கூடாது.

இத்தனையும் ஏன் ஓட்டியவரிடமிருந்து தொடங்க வேண்டும் என்றால், வண்டி பட்டறைக்கு வரும்போது ஆறிப்போயிருக்கும், பை விலகியிருக்கும், ட்ரெய்லர்மேல் முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கவும் வழியில்லை. மெக்கானிக் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்தக் கணத்தை அவரால் திரும்ப உண்டாக்க முடியாது. கழற்றிப் பார்த்தே தீர வேண்டிய கோளாறுகள் இல்லாமல் இல்லை. தேய்ந்த வேர் ரிங்கை அளந்துதான் ஆக வேண்டும், கேஸ்கட்டை அழுத்தம் கொடுத்துத்தான் சோதிக்க வேண்டும். ஆனால் எதை முதலில் கழற்றுவது என்பதைத் தீர்மானிக்கும் தகவல் ஓட்டியவரிடம் மட்டுமே இருக்கிறது. என்ன வேகத்தில், கிளம்பி எவ்வளவு நேரத்தில், பிக்கப் இருந்ததா, திரையில் என்ன வந்தது, துளையில் தண்ணீர் வந்ததா: இந்த ஐந்தையும் கரையேறியதும் ஃபோனில் குறித்துவிட்டுப் பட்டறைக்குப் போங்கள். அவற்றைக் கேட்காமலே பார்ட் விலையைச் சொல்லத் தொடங்குபவரிடம், எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தார் என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.